ஜாஸ்பின் வரைந்த கண்

கீரனூரில் திருச்சி ரோட்டை விட்டு உள்ளே தள்ளி, இரண்டாவது சந்தில் ஒரு மாடி வீடு. அங்கே போய் ஜாஸ்பினைப் பார்க்காமல் அந்த வட்டாரத்தில் ஒருத்தியும் பி.எட். முடித்ததில்லை என்று கேலியாகச் சொல்வார்கள். கேலி பாதி, நிஜம் பாதி. பி.எட். படிக்கிறவர்களுக்குச் சார்ட் வரைந்து கொடுப்பாள். நர்சிங் படிக்கிற பிள்ளைகள் ரெக்கார்டு நோட்டுகளைக் கட்டுக்கட்டாகக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவார்கள். இதயத்தின் குறுக்குவெட்டு, சிறுநீரகம், தாடைத் தசைகள், மண்டையோட்டின் இருபத்திரண்டு எலும்புகள் என்று பதினெட்டு வருடமாக இதே வேலைதான். எல்லாப் படத்துக்கும் கீழே வேறு யாரோ ஒரு மாணவியின் பெயர் இருக்கும். அதில் அவளுக்கு வருத்தம் ஒன்றும் கிடையாது.

ஆவூரில் அவள் அப்பா ஆரோக்கியமுத்து பள்ளிக்கூடத்து வாத்தியார். அவருக்கு வரைபடம் போட வராது. ஆறாம் வகுப்பு படிக்கிற மகளைக் கூப்பிட்டுக் கரும்பலகையில் இந்தியாவைப் போடச் சொல்வார். "உள்ளது உள்ளபடி போடணும்மா. ஒரு நூல் விலகுனா இலங்கை வந்து ராமேஸ்வரத்தோட ஒட்டிக்கும்" என்பார். அந்தப் பழக்கந்தான் கடைசிவரை. புத்தகத்தில் இருப்பதை அப்படியே தாளில் இறக்கிவிடுவாள். சொந்தமாக ஒரு பூ வரைந்ததில்லை. அவள் கணவன் மெல்வின் தினமும் ஏழரை மணி பஸ்ஸில் திருச்சிக்கு வேலைக்குப் போகிறவன். "நீ கையால ஜெராக்ஸ் எடுக்குற" என்று ஒருதடவை சொன்னான். அவள் சிரித்துக்கொண்டாள். அது பொய்யில்லையே.

இரண்டு வருடத்துக்கு முன்னால் தை மாதக் கடைசியில், அவளுக்கு ஒரு போன் வந்தது. பேசியவர் செந்தமிழன், கடற்கரைப் பக்கத்து ஸ்டேஷன் ஒன்றில் சப்-இன்ஸ்பெக்டர். அவர் மனைவி இந்துமதிக்கு ஜாஸ்பின் சார்ட் வரைந்து கொடுத்திருக்கிறாள். அந்தப் பழக்கம்.

"அக்கா, கோட்டைப்பட்டினத்துக்குத் தெக்க ஒரு பாடி ஒதுங்கியிருக்கு. ஆம்பளை. தண்ணியில பல நாள் கெடந்திருக்கு. போட்டோ எடுத்து நோட்டீஸ் அடிக்க முடியாது, பார்க்குறவங்க பயந்துருவாங்க. உயிரோட இருந்தப்போ எப்படி இருந்திருப்பாருன்னு ஒரு படம் போட்டுத் தரணும்."

"சார், நான் புத்தகத்தைப் பார்த்துப் போடுறவ. எனக்கு இதெல்லாம் வராது."

"எலும்பு, சதையெல்லாம் ஒங்களுக்குத் தெரியும்னு இந்து சொன்னா. வேற ஆளு தேடினா நாளாகும். யாரோ பெத்த பிள்ளை, அக்கா. வீட்டுல தேடிக்கிட்டுத்தானே இருப்பாங்க."

அந்தக் கடைசிச் சொல்லுக்குத்தான் அவள் போனாள். மெல்வின் லீவு போட்டுக் கூட வந்தான். ஆனால் சவக்கிடங்கு வாசலோடு நின்றுகொண்டான். உள்ளே ஒரு இளம் பெண் டாக்டர் இருந்தார். ஐந்தடி ஐந்தங்குலம், வயது முப்பத்தைந்திலிருந்து நாற்பத்தைந்துக்குள், தாடை இப்படி, நெற்றி இப்படி என்று பொறுமையாகச் சொன்னார். முன்பல் இரண்டுக்கும் நடுவே இடைவெளி. இடது காதின் மேல்மடலில் ஒரு வெட்டு, பழையது, ஆறிப்போனது. ஜாஸ்பின் மயங்கி விழுவோம் என்று நினைத்துத்தான் போனாள். விழவில்லை. கொஞ்ச நேரத்தில் அவள் கண் தானாக வேலையில் இறங்கிவிட்டது. காதை மட்டும் கால்மணி நேரம் வரைந்தாள். அந்த முகத்தில் கடல் தொடாமல் விட்டிருந்தது அதைத்தான்.

வீட்டுக்கு வந்து இரண்டு நாள் உட்கார்ந்தாள். எலும்பின் மேல் தசையை ஏற்றி, தசையின் மேல் தோலைப் போர்த்தி, முகம் மெல்ல மெல்ல வந்தது. கண் இருக்கவேண்டிய இடம் மட்டும் வெறுமையாகக் கிடந்தது. படத்தைப் போனில் எடுத்து அனுப்பினாள். செந்தமிழன் உடனே கூப்பிட்டார்.

"கண்ணு?"

"கண்ணு எப்படி இருந்துச்சுன்னு யாருக்கும் தெரியாது சார். டாக்டருக்கும் தெரியல. மூடின மாதிரி போட்டுரவா?"

"மூடிப் போட்டா செத்த ஆளுன்னு தெரிஞ்சிரும். எவனும் நின்னு பார்க்க மாட்டான். ஏதோ ஒரு கண்ணைப் போடுங்க. போறவன் வர்றவனை நிறுத்திக் கூப்பிடுற மாதிரி இருக்கணும்."

"தெரியாததை எப்படி சார் வரையுறது?"

"ஒங்களுக்குத் தெரியாததா" என்று சொல்லிவிட்டு அவர் வைத்துவிட்டார்.

மத்தியானம் மணி மூன்று இருக்கும். கீழ்வீட்டில் குக்கர் விசில் அடித்தது. ஜாஸ்பின் பென்சிலைக் கூராக்கினாள். புத்தகத்தில் கண் கோளத்தின் படம் இருந்தது. அதைப் பார்க்கவில்லை. தாளைப் பார்த்தாள். பிறகு கை நகர ஆரம்பித்தது. எதைப் பார்த்து வரைகிறோம் என்று அவளுக்குத் தெரியவில்லை. எதிரே ஒன்றும் இல்லை. இருந்தாலும் எந்தக் கோடு சரி, எது தப்பு என்று கைக்குத் தெரிந்தது. இமை கொஞ்சம் கனம். கீழே களைப்பு. ஆனால் பார்வை மட்டும் நேராக, நம் பெயரைச் சொல்லிக் கூப்பிட வாய் எடுக்கிறவன் பார்வை. பத்து நிமிடந்தான் ஆனது. முடித்து நிமிர்ந்தபோது உடம்பெல்லாம் வேர்த்திருந்தது. அப்போது அவளுக்கு வந்தது பயமில்லை, துக்கமுமில்லை. சந்தோஷம். நாற்பத்திரண்டு வயதில் அப்படி ஒரு சந்தோஷத்தை அவள் அறிந்ததில்லை. தாளில் ஒருவன் முழித்துப் பார்க்கிறான். முழிக்க வைத்தது அவள்.

மறுகணம் சவக்கிடங்கின் நாற்றம் மூக்கில் ஏறியது. ஒருவன் செத்துக் கிடக்கிறான், அவன் முகத்தை வைத்துக்கொண்டு நாம் இங்கே சந்தோஷப்பட்டுக்கொண்டிருக்கிறோம் என்று தோன்றியது. எழுந்து போய் முகம் கழுவினாள். அந்தப் பத்து நிமிடத்தைப் பற்றி அவள் மெல்வினிடங்கூடச் சொல்லவில்லை.

மெல்வின் அன்று வேலை முடிந்து வந்து படத்தைப் பார்த்தான். சட்டைப் பொத்தானைக் கழற்றப் போன கை அப்படியே நின்றது.

"யாரு இது? எங்கேயோ பார்த்த ஆளா இருக்கே."

"நீங்க எப்படிப் பார்த்திருப்பீங்க?"

"இல்ல, தெரிஞ்ச மூஞ்சி."

படத்தைப் பார்த்த எல்லாரும் அதையேதான் சொன்னார்கள்.

நான்கு நாளில் போஸ்டர் வந்துவிட்டது. கீரனூர் பஸ் ஸ்டாண்டில், புதுக்கோட்டையில், திருமயத்தில், அன்னவாசலில், கடற்கரை ஊர்களில் என்று எங்கே திரும்பினாலும் அவன் இருந்தான். கீழே உயரம், வயது, காதில் வெட்டு, தகவல் தெரிந்தால் கூப்பிட வேண்டிய எண். ஜாஸ்பின் காய்கறி வாங்கப் போகிற வழியில் மட்டும் மூன்று இடத்தில் ஒட்டியிருந்தார்கள். முதல் நாள் ஒரு பெருமிதம் இருந்தது. இரண்டாம் நாள் அவன் பார்வை முதுகில் தொட்டதுபோல் இருந்தது. ஒரு வாரத்தில் அவள் அந்த வழியையே விட்டுவிட்டுச் சுற்றிக்கொண்டு போனாள். பஸ்ஸில் முன்சீட்டில் உட்கார்ந்திருக்கிற ஆள் திரும்பினால், நெஞ்சு ஒருதடவை நின்று அடித்தது. ஒருநாள் திருச்சி பஸ்ஸில் எதிரே நின்றவனை அவள் பார்த்த பார்வையில் அந்த ஆளே கூசிப்போய், "என்னங்க, என்னைத் தெரியுமா?" என்று கேட்டான். மணப்பாறைக்காரன். இரண்டு காதும் முழுசாக இருந்தன.

செந்தமிழன் போனில் சொன்னார்: "அக்கா, இதுவரைக்கும் முப்பத்தோரு பேரு வந்துட்டாங்க. எல்லாரும் எங்க ஆளுதான்னு சொல்றாங்க."

"எல்லாருமா?"

"ஆமா. மெட்ராஸ்ல இருந்து உடையப்பன்னு ஒருத்தர் காருல வந்தாரு. திருமயம் பக்கத்து ஆளுங்க, மெட்ராஸ்ல பெரிய வியாபாரம். தம்பி கணபதி எட்டு வருசத்துக்கு முன்னால கோவிச்சுக்கிட்டுப் போனவராம். தம்பி ஆறடி. ஒயரமே ஒத்துவரலைன்னு நான் சொல்லிட்டேன். சரிங்கன்னு தலையாட்டினாரு. ஆனா அரைமணி நேரம் படத்து முன்னால நின்னுட்டு, போன்ல எடுத்துக்கிட்டுத்தான் போனாரு."

முப்பது பேரை இப்படி உயரம், வயது, பல் என்று சொல்லி அனுப்பிவிட முடிந்தது. ஒருத்தியை அனுப்ப முடியவில்லை. சொர்ணவல்லி, குடுமியான்மலைக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூர். கணவன் பெயர் மூக்கன். பதினான்கு வருடத்துக்கு முன்னால் போர்வெல் லாரியில் வேலைக்கென்று வடக்கே போனான். ஆறு மாதம் போன் வந்தது, அதற்கப்புறம் இல்லை. அப்போது ஆறு வயதாக இருந்த மகள் பிரகதீஸ்வரிக்கு இப்போது இருபது. மூக்கனின் அக்காதான் அன்னவாசலில் போஸ்டரைப் பார்த்துவிட்டு, நடுரோட்டில் உட்கார்ந்து, "தம்பி" என்று மாரில் அடித்துக்கொண்டாள். உயரம் ஒத்துப்போனது. வயது ஒத்துப்போனது. முன்பல் இடைவெளியும் இருந்ததாகச் சொன்னார்கள். காதில் வெட்டு கிடையாதே என்று கேட்டதற்கு, "பதினாலு வருசத்துல எத்தனையோ பட்டிருப்பாரு" என்றாள் சொர்ணவல்லி.

பிரகதீஸ்வரியின் ரத்தத்தை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வர இரண்டு மாதம் ஆகும், அதுவரை எதையும் முடிவு பண்ண வேண்டாம் என்று செந்தமிழன் படித்துப் படித்துச் சொன்னார். ஆனால் உடலை அவ்வளவு நாள் வைத்திருக்க முடியாது. அடக்கம் பண்ணுகிற நாளன்று தாயும் மகளும் வந்துவிட்டார்கள். ஜாஸ்பினும் போயிருந்தாள். தூரத்தில் ஒரு வேப்பமரத்தடியில் நின்று ஜெபமாலையை உருட்டிக்கொண்டிருந்தாள். சொர்ணவல்லி அழுத அழுகையில் குழி வெட்ட வந்தவர்கள் மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டார்கள். பதினாறாம் நாள் காரியத்தை மூக்கனின் அக்கா முன்னால் நின்று நடத்திவைத்தாள். சொர்ணவல்லியின் பொட்டு அழிந்தது, தாலி இறங்கியது.

சித்திரை மாதத்தில் ஒருநாள், ஒடிசாக்காரன் ஒருவன் ஸ்டேஷனுக்கு வந்தான். கடற்கரையில் ஒரு இறால் பண்ணையில் வேலை பார்க்கிறவன். ஊருக்குப் போய் மூன்று மாதம் இருந்துவிட்டுத் திரும்பியிருக்கிறான். கூட வேலை பார்த்த துருவ மாஜி என்பவன் ஊருக்கும் வரவில்லை, இங்கேயும் இல்லை. ஊருக்குப் போய்விட்டான் என்று இங்கே நினைத்திருக்கிறார்கள். இங்கேதான் இருக்கிறான், போன்தான் கெட்டுப்போயிருக்கும் என்று அங்கே நினைத்திருக்கிறார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை கடலில் குளிக்கப் போனதைப் பார்த்தவர்கள் உண்டு. திரும்பி வந்ததைப் பார்த்தவர்கள் இல்லை.

செந்தமிழன் ஜாஸ்பினை வரச் சொல்லியிருந்தார். அந்த ஆள் சுவரில் இருந்த படத்தைப் பார்த்து இல்லை என்று தலையாட்டினான். பண்ணையில் கற்றுக்கொண்ட தமிழில், "இது வேற ஆளு, சார்" என்றான். பிறகு கிட்டே போனான். படத்தின் முகத்தைக் கையால் மறைத்துக்கொண்டு காதை மட்டும் பார்த்தான்.

"காது அவன் காது. சின்ன வயசு, மாடு கொம்பு. காது அவன். மூஞ்சி அவன் இல்ல."

வீடியோ கால் போட்டு, ஊரில் இருக்கிற துருவனின் மனைவிக்குப் படத்தைக் காட்டினார்கள். சின்னப் பெண், தலையில் முக்காடு, இடுப்பில் ஒரு குழந்தை. அவள் கொஞ்சங்கூடத் தயங்கவில்லை. ஒரே சொல்தான் சொன்னாள். அந்த ஆள் மொழிபெயர்த்தான்: "யாரு இதுன்னு கேக்குது."

ஜாஸ்பின் சுவரில் இருந்த படத்தைத் திரும்பிப் பார்த்தாள். முப்பத்தோரு பேர் தங்கள் ஆள் என்று சொன்ன முகம். யாருடைய முகமோ, அவன் மனைவி மட்டும் யார் இது என்று கேட்கிறாள். அந்த ஆள் தன் போனில் இருந்த போட்டோவைக் காட்டினான். துருவன் ஒரு மோட்டார் பைக்கில் சாய்ந்து நின்று சிரித்துக்கொண்டிருந்தான். சிரிக்கும்போது கண் இரண்டும் கோடாக மூடிக்கொள்கிற ஆள். அவன் வாழ்நாளில் யாரையும் அப்படி நேராக, அவ்வளவு களைப்போடு பார்த்திருக்கமாட்டான்.

துருவனின் தம்பி வந்து ரத்தம் கொடுத்தான். முடிவு ஒத்துப்போனது. பிரகதீஸ்வரியின் ரத்தம் ஒத்துப்போகவில்லை என்ற தாளும் அதே வாரம் வந்தது.

"அக்கா, அந்த அம்மாகிட்ட நான் தனியாப் போய்ச் சொல்ல முடியாது. நீங்களும் வாங்க" என்றார் செந்தமிழன்.

காலை பத்து மணிக்குப் போனார்கள். ஓட்டு வீடு. உள்ளே நுழைந்ததும் ஜாஸ்பின் நின்றுவிட்டாள். எதிர்ச்சுவரில் அவன் இருந்தான். போஸ்டரில் இருந்த படத்தை ஸ்டுடியோவில் கொடுத்து, பெரிதாக்கி, கலர் ஏற்றி, நீலச் சட்டை போட்டு, நெற்றியில் சந்தனம் வைத்து, கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள். மாலை தொங்கியது. காதில் இருந்த வெட்டை ஸ்டுடியோக்காரர் சரிபண்ணிவிட்டிருந்தார். துருவனுக்கென்று அந்தப் படத்தில் இருந்தது அது ஒன்றுதான். அதுவும் போய்விட்டது. மீதி இருந்தது முழுக்க முழுக்க ஜாஸ்பின் போட்டது.

செந்தமிழன் நின்றபடியே விஷயத்தைச் சொன்னார். சொர்ணவல்லி எதிர்பார்த்தபடி கத்தவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தாள்.

"அப்ப அவுரு இருக்காரா?"

"தெரியலம்மா. இது அவரு இல்லைன்னு மட்டுந்தான் தெரியும்."

"அப்ப நான் இனிமே பொட்டு வைக்கணுமா, வேணாமா? நீங்களே சொல்லுங்க சார்."

செந்தமிழன் ஒரு போன் வந்ததுபோல் வெளியே போய்விட்டார். ஜாஸ்பின் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அக்கா, இந்தப் படத்தை வரைஞ்சது நான்தான்."

சொர்ணவல்லி அவளை நிமிர்ந்து பார்த்தாள்.

"என்னை மன்னிச்சிருங்க. எலும்பைப் பார்த்துத்தான் போட்டேன். ஆனா கண்ணு நான் பார்க்காதது. மனசுக்கு வந்ததைப் போட்டுட்டேன். அந்தக் கண்ணைப் பார்த்துத்தான் நீங்க ஏமாந்துட்டீங்க. என்னால ஒங்க தாலி போச்சு."

கொல்லைப்பக்கம் ஆடு ஒன்று கத்தியது. பிறகு சொர்ணவல்லி எழுந்து போய், தகரப்பெட்டியிலிருந்து ஒரு ஆல்பத்தை எடுத்து வந்தாள். கல்யாண ஆல்பம். கஜா புயலன்று கூரை பறந்து, இரண்டு நாள் மழையில் ஊறியது. காயவைத்துப் பிரித்தபோது தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டி, படங்கள் பிய்ந்து வந்திருந்தன. மாலையும் கழுத்தும் இருந்தன. பட்டு வேட்டி இருந்தது. கழுத்துக்கு மேலே வெள்ளை.

"பாருங்க தங்கச்சி. என்கிட்ட இருந்தது இதுதான். ஓட்டுப் போடுற கார்டைக்கூட அவரு கையோட கொண்டுபோயிட்டாரு. பதினாலு வருசம். மொதல்ல கொரலு மறந்துச்சு. அப்புறம் சாயலு. ராத்திரியெல்லாம் கண்ணை மூடிக்கிட்டு நெனச்சு நெனச்சுப் பார்ப்பேன். மீசை வரும், மூஞ்சி வராது. அழணும்னு ஒக்காந்தா எதைப் பார்த்து அழுறது? செத்திருந்தா அழலாம். இருந்தா வையலாம். ரெண்டுங்கெட்டானா ஒரு கல்லை முழுங்கினது மாதிரி திரிஞ்சேன். அன்னிக்குப் போஸ்டர்ல அந்தக் கண்ணைப் பார்த்தேன் பாருங்க, 'வல்லி'ன்னு கூப்பிட்ட மாதிரி இருந்துச்சு. அப்பத்தான் ஒடைஞ்சுச்சு. இந்த ரெண்டு மாசந்தான் நான் அழுதேன். நெசமாவே அழுதேன்."

"ஆனா அது அவரு இல்லையேக்கா."

"அது சோதனைக்குத் தெரியும். எனக்கு இப்ப அவரை நெனச்சா இந்த மூஞ்சிதான் வருது. பழசு ஒண்ணும் இல்லாமப் போச்சு. இதையும் கழட்டிட்டா நான் எங்கிட்டுப் போவேன்?"

பத்து நிமிடத்தில் ஜாஸ்பினின் கை செய்த வேலை ஒரு மனிதனை, இந்தப் பெண்ணின் நெஞ்சில் இருந்த கடைசிச் சாயலையும் துடைத்துவிட்டு, அந்த இடத்தில் உட்காரவைத்திருக்கிறது. அது மூக்கனும் இல்லை, துருவனும் இல்லை.

"நீங்க சொல்லுங்க, அவரு எப்படி இருப்பாருன்னு. நான் அவரையே வரைஞ்சு தாரேன்" என்றாள்.

அதற்காக ஐந்து தடவை அந்த ஊருக்குப் போனாள். ரிப்போர்ட் விஷயத்தைச் சொல்லாமல் மூக்கனின் அக்காவையும் கூப்பிட்டு உட்காரவைத்தாள். ஒருத்தி மூக்கு கூர் என்றாள், ஒருத்தி சப்பை என்றாள். பிரகதீஸ்வரிக்கு அப்பாவின் தோள்மேல் உட்கார்ந்து தேரோட்டம் பார்த்தது ஞாபகம் இருந்தது. உச்சந்தலை ஞாபகம் இருந்தது. முகம் இல்லை. ஜாஸ்பின் வரைந்து வரைந்து அழித்தாள். ஒவ்வொரு தடவையும் கடைசியில் சொர்ணவல்லி சுவரைப் பார்ப்பாள், தாளைப் பார்ப்பாள். "இல்ல தங்கச்சி, கண்ணு அப்படி இல்ல. அதுல இருக்கிற மாதிரி போடுங்க" என்பாள். ஐந்தாவது தடவை ஜாஸ்பின் பென்சிலை உறையில் போட்டு மூடிவிட்டாள்.

துருவனை மட்டும் அவளால் வரைய முடிந்தது. அந்த ஒடிசாக்காரனிடம் போட்டோவை வாங்கி, உள்ளது உள்ளபடி, கோடாக மூடிய கண்ணோடும் கொம்பு கிழித்த காதோடும் வரைந்து அவன் மனைவிக்கு அனுப்பினாள். மறுநாள் ஒடியாவில் ஒரு குரல் செய்தி வந்தது. ஒரு நிமிடமும் பத்து நொடியும். நடுவில் ஒரு குழந்தை எதையோ கேட்டது. அழுகையா, நன்றியா, வசவா என்று ஜாஸ்பினுக்குப் புரியவில்லை. அந்த ஆளிடம் கேட்டால் சொல்லியிருப்பான். அவள் கேட்கவில்லை. அழிக்கவும் இல்லை.

ரெக்கார்டு நோட்டு வேலை தொடர்ந்து நடந்தது. ஆனால் வரைந்துகொண்டே இருக்கும்போது சில சமயம் கை நின்றுவிடும். அந்தப் பத்து நிமிடம் மறுபடி வருமா என்று ஒரு ஏக்கம். வந்தால் யார் தலையில் விடியுமோ என்று ஒரு நடுக்கம். மெல்வின் ஒருநாள் கேட்டேவிட்டான்.

"அந்தக் கண்ணு யாரோட கண்ணு? எங்கிட்டயாவது சொல்லு."

"தெரியலங்க. சத்தியமாத் தெரியல."

"ஒன் அப்பா கண்ணு மாதிரி இருக்குன்னு எனக்கு ஒரு நெனப்பு."

அவள் அப்பாவின் போட்டோவை எடுத்துப் பார்த்தாள். இல்லை. ஆனால் மெல்வினுக்கு அப்படித் தெரிந்திருக்கிறது. அவன் யாரைத் தேடுகிறானோ என்று அவள் அவனைப் புதிதாகப் பார்த்தாள். மாமனார்மேல் அவனுக்கு அவ்வளவு பிரியம் இருந்தது என்பதை அன்றைக்குத்தான் அறிந்தாள்.

போன ஆவணியில் பிரகதீஸ்வரிக்குக் கல்யாணம். சொர்ணவல்லி வீடு தேடி வந்து பத்திரிகை வைத்தாள். அன்னவாசலில் மண்டபம். ஜாஸ்பின் காலையிலேயே போய்விட்டாள். மேடையின் ஓரத்தில் ஒரு நாற்காலி போட்டு, அதில் படத்தை வைத்து, சீரியல் லைட் சுற்றியிருந்தார்கள். சொந்தக்காரர்கள் வரிசையாக வந்து அதன் முன்னால் நின்று கும்பிட்டார்கள். "அப்படியே இருக்கான்யா" என்று ஒரு பெரியவர் துண்டால் கண்ணைத் துடைத்தார்.

சொர்ணவல்லி மேடையில் இல்லை. தேடியபோது மண்டபத்தின் கடைசியில், தூணுக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். வெறும் நெற்றி. தாலி கட்டுகிற நேரத்தில் முன்னால் நிற்கக் கூடாது என்று மூக்கனின் அக்கா சொல்லிவிட்டாளாம்.

ஜாஸ்பினுக்கு ஆத்திரம் வந்தது. "அந்த ரிப்போர்ட்டைக் காட்டியிருந்தா நீங்க முன்னால நிக்கலாமேக்கா. அவரு செத்தாருன்னு யாரு சொன்னா?"

"காட்டலாம். காட்டுனா அந்தப் படத்தை எடுக்கணும். புள்ளைக்கு அப்பா வேணும்ல, விழுந்து கும்பிட." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னாள்: "இங்கிட்டு இருந்து பார்த்தாலும் நல்லாத்தான் தெரியுது."

மேளம் உச்சத்துக்குப் போனது. தாலி ஏறியது. மாப்பிள்ளையும் பெண்ணும் நாற்காலியில் இருந்த படத்தின் முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார்கள். சொர்ணவல்லி தூணோடு ஒட்டிக்கொண்டு கை கூப்பினாள். கூப்பிய கையை இறக்காமலேயே, ஜாஸ்பினுக்கு மட்டும் கேட்கிற குரலில் கேட்டாள்.

"அந்த வடக்கத்திப் பையன் பேரு என்னன்னு சொன்னீங்க?"

"துருவன். துருவ மாஜி."

"துருவன். அது நம்ம பேருதானே." உதடு அசைய இரண்டு தடவை சொல்லிப் பார்த்தாள். "அவன் செத்துத்தானே நான் அழுதேன். அவன் பொண்டாட்டிக்கு நான் ஒண்ணும் செய்யலையே, தங்கச்சி."

ஜாஸ்பின் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். பந்திக்குக் கூப்பிட்டார்கள். சொர்ணவல்லி அவளை இழுத்துக்கொண்டு போய் இலையில் உட்காரவைத்து, பக்கத்தில் நின்று பரிமாறச் சொன்னாள்.

சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வெளியே வரும்போது மேடையைத் தாண்டித்தான் வரவேண்டும். கூட்டம் கலைந்திருந்தது. லைட் மினுங்க மினுங்க அவன் நாற்காலியில் இருந்தான். இத்தனை நாளும் ஓரக்கண்ணால் பார்த்துத் தப்பித்து வந்தவள், அன்று அவனுக்கு நேராகப் போய் நின்றாள். அவன் அவளையும், மற்ற எல்லாரையும் பார்ப்பதுபோலவே, பெயர் சொல்லிக் கூப்பிடப் போகிறவன்போலப் பார்த்தான். யார் நீ என்று கேட்க நினைத்தாள். அவள்தான் முதலில் கண்ணைத் தாழ்த்தினாள்.